‘போதும்’ என்று சொல்லத் தெரிந்த குழந்தை

(பெற்றோர் சந்திப்பில் நமது மருத்துவ அணியைச் சேர்ந்த குழந்தைகள் நல மருத்துவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அப்பாக்களே, முன்னால நாற்காலி காலியா இருக்கு, வந்து உட்காருங்க. இன்னைக்குப் பேசப்போறது உங்களுக்கும்தான்.

இந்தக் கூட்டத்துக்கு அழைப்பு போட்டதும் ஒரு தோழர் போன் பண்ணிக் கேட்டார். “டாக்டர், குழந்தை செல்போன் பார்க்கிறதெல்லாம் வீட்டு விஷயமாச்சே, கட்சி மேடையில எதுக்கு?” நியாயமான கேள்வி. நான் அவரிடம் சொன்னதை உங்களிடமும் சொல்கிறேன். நம்ம குழந்தை எதைத் தின்னணும் என்று விளம்பரம் போடுகிறவன் வீட்டுக்கு வெளியே இருக்கிறான். ஒரு வீடியோ முடிவதற்குள் அடுத்த வீடியோவைத் தள்ளிவிடுகிற கம்பெனி வெளியே இருக்கிறது. அந்தக் குழந்தை ஓடி விளையாட ஒரு திடல் இருக்கிறதா இல்லையா என்பது நகராட்சியில் முடிவாகிறது. இவ்வளவும் வெளியே முடிவாகிவிட்டு, பழி மட்டும் வீட்டுக்குள் இருக்கிற அம்மா மேல் விழுகிறது. இது அரசியல் இல்லை என்றால் வேறு எது அரசியல்?

அதனால் முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். அம்மாக்களைத் திட்டுவதற்காக நான் இங்கே வரவில்லை. அதைச் செய்ய ஏற்கனவே நிறைய பேர் இருக்கிறார்கள். மாமியார், நாத்தனார், பக்கத்து வீடு, யூடியூப் டாக்டர் என்று வரிசையே இருக்கிறது.

எல்லோருக்கும் தெரிந்த ஒரு காட்சியிலிருந்து ஆரம்பிக்கலாம். மதியம் ஒரு மணி. ஒன்றரை வயதுக் குழந்தை. கிண்ணத்தில் பருப்பு சாதம் பிசைந்து வைத்திருக்கிறது. எதிரே டம்ளரில் சாய்த்து வைத்த போன். திரையில் கலர் கலராக ஏதோ ஓடுகிறது, பாட்டுச் சத்தம் வருகிறது. குழந்தை கண் இமைக்காமல் பார்க்கிறது. அம்மா உருண்டையைக் கொண்டுபோனால் வாய் திறக்கிறது. அடுத்த உருண்டை, மறுபடி திறக்கிறது. பதினைந்து நிமிஷத்தில் கிண்ணம் காலி. அம்மாவுக்கு நிம்மதி. இன்னும் பாத்திரம் தேய்க்கணும், துணி எடுக்கணும், வேலைக்குப் போகிறவங்களா இருந்தா ஷிஃப்டுக்குக் கிளம்பணும்.

இதில் என்ன தப்பு? சோறு உள்ளே போயிடுச்சே!

உள்ளே போனது உண்மைதான். ஆனால் அந்தப் பதினைந்து நிமிஷத்தில் அந்தக் குழந்தை கற்றுக்கொண்டிருக்க வேண்டிய ஒன்றைக் கற்றுக்கொள்ளவில்லை. ‘போதும்’ என்பதைத்தான் சொல்கிறேன்.

கொஞ்சம் உடம்புக்குள்ளே போய்ப் பார்ப்போம். வயிறு நிரம்ப நிரம்ப அதன் சுவர் விரிகிறது. அந்தச் செய்தி நரம்பு வழியாக மூளைக்குப் போகிறது. குடலில் சாப்பாடு இறங்கியதும் சில ஹார்மோன்கள் சுரந்து, அவையும் மூளைக்குச் சொல்லியனுப்புகின்றன, ‘வந்தாச்சு, நிறுத்தலாம்’ என்று. இதற்குக் கொஞ்ச நேரம் பிடிக்கும். உடனே நடக்காது. இதோடு இன்னொன்றும் இருக்கிறது. நாம் சாப்பிடுகிறோம் என்பதை மூளை கவனித்திருக்க வேண்டும். வாசனை, நிறம், மெல்லுவது, விழுங்குவது எல்லாம் சேர்ந்துதான் ‘நான் சாப்பிட்டேன்’ என்ற நினைவு உருவாகிறது. பெரியவர்களை வைத்துச் செய்த பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்வது இதுதான்: கவனம் வேறெங்கோ இருக்கும்போது சாப்பிட்டால் அந்த வேளையில் அதிகமாகச் சாப்பிடுகிறோம். அதைவிட, சாப்பிட்ட நினைவே சரியாகப் பதியாததால் அடுத்த வேளையிலும் அதிகமாகச் சாப்பிடுகிறோம். டிவி சீரியல் பார்த்துக்கொண்டே முறுக்கு டப்பாவைக் காலி பண்ணின அனுபவம் இங்கே யாருக்கும் இல்லையா? கை தூக்க வேண்டாம், எனக்கும் உண்டு.

ஒன்றரை வயதுக் குழந்தைக்கு ‘எனக்குப் போதும்’ என்று வாயால் சொல்லத் தெரியாது. அது முகத்தைத் திருப்பும். உதட்டை மூடிக்கொள்ளும். கரண்டியைத் தட்டிவிடும். வாயில் இருப்பதைத் துப்பும். நாம் அதை ‘அடம்’ என்கிறோம். அடம் இல்லைங்க அது, மொழி. அந்த வயதில் அந்தக் குழந்தைக்கு இருக்கிற ஒரே மொழி. அந்த மொழியை எதிரே இருக்கிற பெரியவர் புரிந்துகொண்டு கையை நிறுத்தினால், குழந்தை ஒன்றைக் கற்றுக்கொள்கிறது: என் வயிறு சொல்வதை நான் கேட்கலாம், நான் சொன்னால் நிற்கும். தன்னைத்தானே கட்டுப்படுத்திக்கொள்வதில் மனுஷன் படிக்கிற முதல் பாடம் சாப்பாட்டுத் தட்டில்தான் இருக்கிறது. குழந்தையின் பசிக்கும் நிறைவுக்கும் ஏற்ப ஊட்ட வேண்டும் என்றுதான் உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது.

போன் எதிரே இருக்கும்போது இந்த மொழி அணைந்துபோகிறது. குழந்தை முகத்தைத் திருப்பாது, ஏனென்றால் முகம் திரையில் ஒட்டியிருக்கிறது. உருண்டை வந்தால் வாய் தானாகத் திறக்கிறது. சில குழந்தைகளுக்கு இதனால் தேவைக்கு மேல் போகிறது. சில குழந்தைகளுக்கு நேர் எதிராக, போன் இல்லாவிட்டால் ஒரு வாய்கூட இறங்காத நிலை வருகிறது. என்னிடம் வருகிற தாய்மார்களில் பாதிப்பேர் சொல்வது இரண்டாவதைத்தான்: “டாக்டர், போன் வைச்சாத்தான் சாப்பிடுறான்.” இரண்டுமே ஒரே பிரச்சினையின் இரண்டு முகங்கள். பசியும் தெரியவில்லை, நிறைவும் தெரியவில்லை.

இந்த இடத்தில் பாட்டிமார்கள் ஒரு கேள்வி கேட்பார்கள். நல்ல கேள்வி, பலமுறை கேட்டிருக்கிறார்கள். “நாங்க மட்டும் என்ன செஞ்சோம்? நிலாவைக் காட்டினோம், காக்காயைக் காட்டினோம், பூச்சாண்டி கதை சொன்னோம். அதுவும் பராக்குக் காட்டி ஊட்டுறதுதானே?”

பராக்குதான், மறுக்கவில்லை. ஆனால் வித்தியாசத்தைப் பாருங்க. நிலா பதினைந்து வினாடிக்கு ஒருமுறை மாறாது. காக்கா பறந்துபோனால் போனதுதான், குழந்தை விரும்புகிற மாதிரி இன்னொரு காக்காயை வானம் அனுப்பாது. எல்லாவற்றையும்விட முக்கியம், நிலாவைக் காட்டுகிற பாட்டியின் கண் குழந்தையின் முகத்தில் இருந்தது. குழந்தை சிரித்தால் கதை நீளும், முகம் சுளித்தால் கதை மாறும், கொட்டாவி விட்டால் தட்டை எடுத்துவிட்டுத் தோளில் போடுவார். அங்கே பேச்சு நடந்தது. குழந்தை விரல் நீட்டும், பாட்டி பெயர் சொல்வார், குழந்தை திருப்பிச் சொல்ல முயலும். போன் குழந்தையைப் பார்ப்பதில்லை. அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். (பூச்சாண்டி காட்டிப் பயமுறுத்தி ஊட்டியதை மட்டும் நான் ஆதரிக்கவில்லை, பாட்டிகள் மன்னிக்கணும்.)

எதிரே ஆள் இருப்பதற்கும் திரை இருப்பதற்கும் உள்ள இந்த வித்தியாசத்தைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். 2003-இல் அமெரிக்காவில் பாட்ரிசியா குல் என்ற ஆய்வாளரின் குழு, ஆங்கிலம் பேசும் வீடுகளில் வளரும் 9 மாதக் குழந்தைகளை எடுத்துக்கொண்டது. சில குழந்தைகளோடு சீன மொழி பேசுகிறவர்கள் நேரில் உட்கார்ந்து விளையாடிப் பேசினார்கள், 12 முறை. வேறு குழந்தைகளுக்கு அதே ஆட்கள், அதே பேச்சு, ஆனால் டிவியில். நேரில் கேட்ட குழந்தைகள் சீன மொழியின் ஒலி வேறுபாடுகளைப் பிரித்து அறியக் கற்றுக்கொண்டார்கள். டிவியில் பார்த்த குழந்தைகள் அப்படி எதுவும் கற்கவில்லை. அதே முகம், அதே குரல்தான். குழந்தையைப் பார்த்துப் பதில் சொல்கிற ஆள் மட்டும் இல்லை. ‘கல்வி வீடியோ’ என்று பெயர் போட்டு ஒரு வயதுக் குழந்தைக்கு விற்கிறவர்களிடம் இந்த ஆய்வைத்தான் காட்டணும்.

மூளை பற்றி வாட்ஸ்அப்பில் ஏகப்பட்டது சுற்றுகிறது. போன் பார்த்தால் மூளை உருகிவிடும், கதிர்வீச்சு மூளையைத் தின்றுவிடும் என்றெல்லாம். தோழர்களே, தயவுசெய்து அவற்றை நம் குழுக்களில் பகிராதீர்கள். பயமுறுத்தித்தான் ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும் என்றில்லை. தெரிந்ததை மட்டும் சொல்கிறேன்.

ஐந்து வயதுக்குள் குழந்தையின் மூளை, பெரியவர் மூளையின் அளவில் சுமார் 90 சதவீதத்தை எட்டிவிடுகிறது. ஆனால் அளவு வேறு, பக்குவம் வேறு. நெற்றிக்குப் பின்னால் இருக்கிற முன்மூளைப் பகுதி, ‘இப்ப வேண்டாம், அப்புறம்’ என்று நம்மைப் பிடித்து நிறுத்துகிற பகுதி, முழுசாகப் பக்குவப்பட இருபது வயதைத் தாண்ட வேண்டியிருக்கிறது. கடைசியாக முதிர்கிற பகுதி அதுதான். மூன்று வயதுக் குழந்தையிடம் ‘உனக்கு ஏன் கட்டுப்பாடே இல்ல?’ என்று கேட்பது, பால்பல் முளைக்கும்போது கரும்பு கடிக்கச் சொல்வது மாதிரி. அந்தப் பகுதி பழகப் பழகத்தான் வளரும். பழக்கம் எங்கே கிடைக்கிறது? காத்திருப்பதில், தன் முறை வரும்வரை நிற்பதில், விளையாட்டில் தோற்பதில், சும்மா இருக்க முடியாமல் தவித்துத் தானே ஒரு விளையாட்டைக் கண்டுபிடிப்பதில்.

2011-இல் அமெரிக்காவில் 4 வயதுக் குழந்தைகள் 60 பேரை வைத்து ஒரு ஆய்வு நடந்தது. ஒரு குழு, காட்சிகள் வேக வேகமாக மாறுகிற கார்ட்டூனை 9 நிமிஷம் பார்த்தது. இன்னொரு குழு மெதுவாக நகர்கிற கல்வி நிகழ்ச்சியைப் பார்த்தது. மூன்றாவது குழு காகிதத்தில் படம் வரைந்தது. முடிந்த உடனே கவனம், பொறுமை, சொன்னதை நினைவில் வைத்துச் செய்வது ஆகியவற்றைச் சோதித்தார்கள். வேகக் கார்ட்டூன் பார்த்தவர்கள் படம் வரைந்தவர்களைவிடத் தெளிவாகப் பின்தங்கினார்கள். இது சின்ன ஆய்வு. அந்த நேரத்து விளைவைத்தான் காட்டியது, நிரந்தரச் சேதம் என்று சொல்லவில்லை. நானும் சொல்லமாட்டேன். ஆனால் 2011-இன் ‘வேகம்’ அது. இன்று விரலைத் தள்ளத் தள்ள வருகிற ஷார்ட்ஸுக்கு முன்னால் அந்தக் கார்ட்டூன் மாட்டுவண்டி.

இனி, பொறுமை பற்றி உலகமே பேசிய ஒரு சோதனை. 1960-களின் கடைசியில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் வால்டர் மிஷெல் செய்தது. குழந்தையின் முன்னால் ஒரு மிட்டாய். ‘நான் திரும்பி வரும்வரை சாப்பிடாமல் இருந்தால் இரண்டு தருவேன்’ என்று சொல்லிவிட்டுப் பெரியவர் போய்விடுவார். பொறுத்த குழந்தைகள் பிற்காலத்தில் படிப்பில் சிறந்தார்கள் என்று பின்னர் கட்டுரைகள் வந்தன. உடனே ‘பொறுமை இருந்தா பெரிய ஆளாவான், இல்லாட்டி அவன் தலையெழுத்து’ என்று தன்னம்பிக்கைப் பேச்சாளர்கள் எடுத்துக்கொண்டார்கள். 2018-இல் இன்னும் நிறைய குழந்தைகளை வைத்து மறுபடி பார்த்தபோது அந்தத் தொடர்பு பாதியாகச் சுருங்கியது. குடும்பத்தின் பின்னணியையும் சேர்த்துக் கணக்கிட்டால் இன்னும் பெரும்பகுதி கரைந்துபோனது. அதாவது, பொறுமை என்று நாம் பாராட்டியதில் பெரும்பங்கு அந்த வீட்டின் வசதி. இதை நம்ம ஆளுங்க யாரிடம் சொன்னாலும் ஆச்சரியப்பட மாட்டாங்க.

ஆனால் அந்தச் சோதனையில் எனக்குப் பிடித்த இடம் வேறு. பொறுத்துக்கொண்ட குழந்தைகள் எப்படிப் பொறுத்தார்கள்? பல்லைக் கடித்துக்கொண்டு மிட்டாயையே முறைத்தவர்கள் தோற்றார்கள். ஜெயித்தவர்கள் கண்ணை மூடிக்கொண்டார்கள், தனக்குத்தானே பாட்டுப் பாடினார்கள், கைவிரலை வைத்து விளையாடினார்கள். தன் கவனத்தைத் தானே வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்கள். பொறுமை என்பது அந்தத் திறமைதான். இப்போது யோசித்துப் பாருங்க. குழந்தை லேசாகச் சிணுங்கினதும் நாம் போனைக் கொடுக்கிறோம். கவனத்தைத் திருப்புகிற வேலையைப் போன் செய்துவிடுகிறது. குழந்தை அமைதியாகிவிடுகிறது, ஆனால் அமைதியானது குழந்தையின் முயற்சியில் இல்லை. அடுத்த முறை அழும்போது அதன் கையில் புதிதாக எந்த வித்தையும் இருக்காது, போனைக் கேட்டு இன்னும் சத்தமாக அழுவதைத் தவிர.

இன்னொரு சோதனையும் உண்டு, ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் நடந்து 2013-இல் வெளிவந்தது. மிட்டாய் வைப்பதற்கு முன்னால், ‘நல்ல கலர் பென்சில் கொண்டுவரேன், காத்திரு’ என்று குழந்தைகளிடம் சொன்னார்கள். பாதிக் குழந்தைகளுக்குச் சொன்னபடி கொண்டுவந்தார்கள். மீதிப் பேரிடம் வெறுங்கையோடு வந்து ‘இல்லப்பா’ என்றார்கள். பிறகு மிட்டாய்ச் சோதனை. வாக்கு காப்பாற்றப்பட்ட குழந்தைகள் சராசரியாக 12 நிமிஷம் பொறுத்தார்கள். ஏமாந்த குழந்தைகள் 3 நிமிஷம். ‘அஞ்சே நிமிஷம்தான், அப்புறம் போனைத் தந்துடணும்’ என்று சொல்லிவிட்டு, அழுததும் இன்னொரு அஞ்சு, இன்னொரு அஞ்சு என்று கொடுக்கிறோமே, ‘சாயங்காலம் பார்க் கூட்டிட்டுப் போறேன்’ என்று சொல்லிவிட்டுப் போகாமல் இருக்கிறோமே, அதெல்லாம் குழந்தையின் கணக்கில் ஏறிக்கொண்டே இருக்கிறது. சொன்ன வாக்கைக் காப்பாற்றாதவர்களை நாம் மேடை மேடையாகத் திட்டுகிறோம், வீட்டில் நாமே அதைச் செய்யக்கூடாது இல்லையா?

சரி, சாப்பாட்டுக்குத் திரும்புவோம். தட்டு எதிரே திரை இருப்பது ஒரு பிரச்சினை. அந்தத் திரையில் என்ன ஓடுகிறது என்பது இன்னொரு பிரச்சினை.

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் 2009-இல் வெளிவந்த ஆய்வு. 7 முதல் 11 வயதுக் குழந்தைகளுக்கு ஒரு கார்ட்டூன் போட்டார்கள். பக்கத்தில் கிண்ணத்தில் பிஸ்கட் மாதிரி ஒரு நொறுக்குத்தீனி. சிலருக்குக் கார்ட்டூன் நடுவே தின்பண்ட விளம்பரங்கள், சிலருக்கு வேறு விளம்பரங்கள். தின்பண்ட விளம்பரம் பார்த்த குழந்தைகள் 45 சதவீதம் அதிகம் தின்றார்கள். இத்தனைக்கும் கிண்ணத்தில் இருந்தது விளம்பரத்தில் வந்த பொருளே இல்லை. விளம்பரம் ஒரு பொருளை மட்டும் விற்பதில்லை, வாயையே திறந்துவிடுகிறது.

அப்போதாவது விளம்பரம் விளம்பரமாக வந்தது. இன்று நம்ம குழந்தைகள் பார்க்கிற வீடியோவில், இன்னொரு குழந்தை கலர் கலரான பாக்கெட்டைப் பிரித்துத் தின்றுகொண்டே சிரிக்கிறது. அது நிகழ்ச்சியா, விளம்பரமா? ஆறு வயதுக் குழந்தைக்கு எப்படித் தெரியும், நமக்கே தெரியவில்லை. பிறகு தெருமுனைக் கடையில் அதே பாக்கெட் ஐந்து ரூபாய்க்கும் பத்து ரூபாய்க்கும் சரம் சரமாகத் தொங்குகிறது, குழந்தையின் கண் உயரத்தில்.

விளைவு கணக்கில் தெரிகிறது. தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், இந்தியாவில் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் அதிக எடை உள்ளவர்கள் நான்காவது சுற்றில் 2.1 சதவீதம், 2019-21-இல் நடந்த ஐந்தாவது சுற்றில் 3.4 சதவீதம். சின்ன எண் மாதிரி தெரியும். அதே கணக்கெடுப்பில் இன்னொரு எண் இருக்கிறது. 6 மாதம் முதல் 5 வயதுவரை உள்ள குழந்தைகளில் 67.1 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. முந்தைய சுற்றில் அது 58.6. இரண்டும் ஒன்றாக ஏறுகின்றன. எல்லாம் போனால் வந்தது என்று சொல்லவில்லை. வறுமையும், கீரையும் முட்டையும் விற்கிற விலையும் அதில் இருக்கின்றன. ஆனால் வயிறு பாக்கெட்டால் நிரம்பினால் கீரைக்கு இடம் எங்கே?

சிலி நாடு என்ன செய்தது தெரியுமா? 2016-இல் ஒரு சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். சர்க்கரை, உப்பு, கெட்ட கொழுப்பு அதிகமுள்ள பாக்கெட்டின் முகப்பில் கறுப்பு எண்கோண முத்திரை, எழுத்துக்கூட்டிப் படிக்கிற குழந்தைக்கும் புரிகிற மாதிரி. அந்தப் பாக்கெட்டில் கார்ட்டூன் பொம்மை போடக்கூடாது. பள்ளிக்குள் விற்கக்கூடாது. பிறகு காலை 6 மணி முதல் இரவு 10 மணிவரை டிவியில் விளம்பரமும் கூடாது என்றார்கள். பெரிய பெரிய பன்னாட்டு நிறுவனங்கள் தங்கள் புலி பொம்மையை அட்டைப்பெட்டியிலிருந்து எடுக்க வேண்டியதாயிற்று. கனடாவின் கியூபெக் மாகாணம் 1980-லிருந்தே 13 வயதுக்குட்பட்டவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதைத் தடுத்திருக்கிறது. நம் நாட்டில் 2022-இல் ஒரு வரைவு வந்தது, பாக்கெட்டுக்கு நட்சத்திரம் போடலாம் என்று. ஓட்டலுக்குப் போடுகிற மாதிரி! நமக்கு வேண்டியது நட்சத்திரம் இல்லை, எச்சரிக்கை.

சட்டமே இல்லை என்றும் சொல்ல முடியாது. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020 விதிப்படி, பள்ளி வளாகத்திலும் அதன் வாசலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் இந்த மாதிரி தின்பண்டங்களை விற்கவோ விளம்பரம் செய்யவோ கூடாது. உங்க பிள்ளை படிக்கிற பள்ளி வாசலில் போய் நின்று பாருங்க. 50 மீட்டர் வேண்டாம், 5 மீட்டர் போதும். அதேபோல 2023-இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குட்பட்டவர்களின் நடவடிக்கையைக் கண்காணிப்பதையும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் காட்டுவதையும் தடுக்கிறது. காகிதத்தில் நல்ல சட்டம். ஆனால் குழந்தை பார்ப்பது அப்பாவின் போனில், அப்பாவின் கணக்கில். கம்பெனி கணக்குப்படி உங்க இரண்டு வயது மகனுக்கு முப்பத்தைந்து வயசு.

ஆஸ்திரேலியாவில் 2025 டிசம்பர் 10 முதல் 16 வயதுக்குட்பட்டவர்கள் சமூக ஊடகக் கணக்கு வைத்திருக்க முடியாது என்று சட்டம் வந்திருக்கிறது. அதைப் பற்றித் தனியாகப் பேச வேண்டும், இன்று வேண்டாம். நாம் பேசுகிற சோற்றுக் கிண்ணம்வரை எந்தச் சட்டமும் வராது.

அப்படியானால் வீட்டில் என்ன செய்வது? முதலில் ஒரு நம்பிக்கையான செய்தி. 1999-இல் வெளிவந்த ஓர் ஆய்வுக்காக, தாமஸ் ராபின்சன் என்ற மருத்துவர் கலிபோர்னியாவின் சான் ஹோசே நகரில் இரண்டு அரசுப் பள்ளிகளை எடுத்துக்கொண்டார். ஒன்றில் மூன்றாம், நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டிவியைக் குறைக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். பத்து நாள் டிவியே பார்க்காமல் இருந்து பார்ப்பது, பிறகு வாரத்துக்கு 7 மணி நேரம் என்று அளவு. டயட் கிடையாது, உடற்பயிற்சித் திட்டம் கிடையாது. பள்ளி ஆண்டு முடிவில் அந்தப் பிள்ளைகளின் எடை, மற்றப் பள்ளிப் பிள்ளைகளைவிடக் குறைவாகவே ஏறியிருந்தது. டிவி முன்னால் சாப்பிடுகிற வேளைகளும் குறைந்திருந்தன. திரையைக் குறைத்தாலே போதும், சாப்பாடு கொஞ்சம் தானாகச் சரியாகிறது.

உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்ன அளவு இது: ஒரு வயதுவரை திரையே வேண்டாம். ஒரு வயதுக் குழந்தைக்கும் வேண்டாம். 2 முதல் 4 வயதுவரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் போகக்கூடாது, குறைந்தால் நல்லது. இந்தியக் குழந்தைகள் நல மருத்துவர்களின் அமைப்பும் கிட்டத்தட்ட இதையேதான் சொல்கிறது. துபாயில் இருக்கிற அப்பாவோடு வீடியோ காலில் பேசுவதை மட்டும் இதில் சேர்க்க வேண்டாம். அங்கே பதில் சொல்கிற ஆள் இருக்கிறார்.

என் அனுபவத்தில், எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்தப் பார்க்கிறவர்கள் மூன்றாம் நாள் தோற்றுவிடுகிறார்கள். ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்: சாப்பாட்டு நேரத்தில் போன் இல்லை. குழந்தைக்கு மட்டும் இல்லை, யாருக்கும் இல்லை. அப்பா ரீல்ஸ் பார்த்துக்கொண்டே இட்லி சாப்பிடுவார், பிள்ளை மட்டும் தட்டைப் பார்த்துச் சாப்பிடணும் என்றால் நடக்காது. முதல் சில நாள் அழும், தட்டைத் தள்ளும், குறைவாகச் சாப்பிடும். நன்றாக ஓடியாடுகிற குழந்தை இரண்டு வேளை குறைவாகச் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது. அடுத்த வேளைக்குப் பசி வரும், அதைத்தான் நாம் எதிர்பார்க்கிறோம். நடுவில் பிஸ்கட் கொடுத்து அந்தப் பசியைக் கெடுக்காதீர்கள். எடை குறைவான குழந்தை, உடம்பு சரியில்லாத குழந்தை என்றால் மட்டும் உங்கள் மருத்துவரைப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

எட்டு, ஒன்பது மாதத்திலிருந்தே கையில் எடுத்துச் சாப்பிட விடுங்கள். சிந்தும், தலையில் தேய்த்துக்கொள்ளும், தரையெல்லாம் சாதம். அதைத் துடைக்கிற வேலையை அப்பாக்கள் எடுத்துக்கொள்ளலாம், அதற்குத்தான் முன்னால வந்து உட்காரச் சொன்னேன். குழந்தை முகத்தைத் திருப்பினால் ஒருமுறை கொடுத்துப் பாருங்க, மறுபடி திருப்பினால் தட்டை எடுத்துவிடுங்கள். ‘இன்னும் ஒரே ஒரு வாய், அம்மாவுக்காக’ வேண்டாம். அம்மாவுக்காகச் சாப்பிடுவதற்கு அம்மா இருக்காங்க.

நம்ம ஊரில் திரையில்லாமல் குழந்தைகள் எப்படிச் சாப்பிடுகிறார்கள் என்று பார்க்க வெளிநாடு போக வேண்டாம். பக்கத்து அங்கன்வாடிக்கு மதியம் போங்க. வரிசையாக உட்கார்ந்து ஒருவர் தட்டை ஒருவர் பார்த்துக்கொண்டு சாப்பிடுகிறார்கள். வீட்டில் ஒரு வாய் இறங்காது என்று சொல்லப்பட்ட குழந்தை அங்கே ‘ஆயா, இன்னும்’ என்று கேட்கும். கூட உட்கார்ந்து சாப்பிட ஆள் இருந்தால் அவ்வளவுதான் விஷயம். ஒற்றைக் குழந்தை, ஒற்றை அறை, அம்மா மட்டும் வீட்டில் என்று ஆகிவிட்ட குடும்பத்தில் அந்த இடத்தில்தான் போன் வந்து உட்கார்ந்திருக்கிறது. அந்த அம்மாவிடம் போனை மட்டும் பிடுங்கிவிட்டு வேறு எதுவும் கொடுக்காமல் போவது அநியாயம்.

அதனால் நம் கிளைப் பொறுப்பாளர்களிடம் மூன்று வேலைகளைக் கேட்கிறேன். உங்கள் வார்டில் அங்கன்வாடி எத்தனை, அதில் எத்தனை முழுநேரம் இயங்குகிறது என்று எண்ணிக் கொண்டுவாருங்கள். பூங்காவுக்கு ஒதுக்கிய இடம் பூங்காவாக இருக்கிறதா, வண்டி நிறுத்தமாகிவிட்டதா, பூட்டுப் போட்டிருக்கிறதா என்று படம் எடுத்து அனுப்புங்கள். பள்ளி வாசலில் 50 மீட்டர் விதி நடக்கிறதா என்று பார்த்து, இல்லை என்றால் உணவுப் பாதுகாப்பு அலுவலருக்கு எழுத்தில் மனு கொடுங்கள். அந்தப் பெட்டிக்கடை அக்காவிடம் சண்டைக்குப் போக வேண்டாம், அவர் வயிற்றுப்பிழைப்பு அது. கடலைமிட்டாயும் கொய்யாவும் அவித்த சுண்டலும் அங்கே விற்க முடியுமா என்று அவரோடு உட்கார்ந்து பேசுங்கள். வருகிற கிராம சபையில் விளையாட்டுத் திடலுக்குத் தீர்மானம் கொண்டுவாருங்கள். தீர்மானத்தின் மாதிரி நகலை மருத்துவ அணியும் வழக்கறிஞர் அணியும் சேர்ந்து தயாரித்து வைத்திருக்கின்றன, வெளியே மேசையில் இருக்கிறது.

கேள்விகள் இருந்தால் இப்போதே கேட்கலாம், அம்மாக்கள் முதலில்.